வட்டுக்குள் வரப்பு இன்னும் வேண்டுமா?



அண்ணனோ அக்காளோ பாலிடெக்னிக்கில் படித்தபோது வாங்கிய பழைய மடிக்கணினி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடலாம். "லினக்ஸ் போட்டுப் பார், நன்றாக ஓடும்" என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவத் தொடங்குகிறீர்கள். மொழி, நேரம், விசைப்பலகை என்று வரிசையாகக் கேட்ட கணினி, பிறகு ஒரு கேள்வியில் உங்களை நிறுத்துகிறது: வட்டை எப்படிப் பிரிக்கலாம்?

டெபியன் என்ற லினக்ஸை நிறுவினால் இது போன்ற வழிகள் திரையில் தெரியும்.

1. எல்லாக் கோப்புகளும் ஒரே பிரிவில்.
2. 'ஹோம்' மட்டும் தனிப் பிரிவில்.
3. 'ஹோம்', 'வார்', 'டெம்ப்' ஆகிய மூன்றும் தனித்தனிப் பிரிவுகளில்.

முதல் வழிக்குப் பக்கத்தில் 'புதியவர்களுக்கு ஏற்றது' என்ற குறிப்பும் இருக்கும். ஆனால், நூலகத்தில் உள்ள பழைய கணினி நூலைத் திறந்தால் "பிரித்து வைப்பதே பாதுகாப்பு" என்று எழுதியிருக்கும். எது சரி? இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்தப் பாடத்தை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன்.

பிரிவு என்றால் என்ன?

சவா செம்பாடானிலிருந்து செகிஞ்சான் வழியாக பாகான் தெராப் வரை காரில் போயிருக்கிறீர்களா? பச்சைக் கம்பளம் விரித்தது போல வயல்கள் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வயல். அருகில் போனால் அது வரப்புகளால் பிரிக்கப்பட்டிருப்பது தெரியும். பெர்னாம் ஆற்று நீரைக் கொண்டு வரும் இந்த வடமேற்கு சிலாங்கூர் பாசனத் திட்டமே எட்டுப் பெரும் பிரிவுகளைக் கொண்டது. ஒரு பிரிவில் அறுவடைக்காக நீரை வடித்துக்கொண்டிருக்கும்போது, இன்னொரு பிரிவில் நாற்று நீரில் நிற்கலாம். வரப்பும் மதகும் இல்லாவிட்டால் இது முடியுமா?

கணினியின் வட்டும் அப்படித்தான். கையில் இருப்பது ஒரே வட்டு. அதற்குள் "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை ஒரு நிலம், அடுத்த எண்ணிலிருந்து இன்னொரு நிலம்" என்று பிரித்து வைக்கிறோம். இந்த ஒவ்வொரு நிலத்துக்கும் பெயர்தான் பிரிவு, அதாவது பார்ட்டிஷன்.

வயலில் வரப்பு மண்ணால் ஆனது. வட்டில் வரப்பு எதனால் ஆனது? வெறும் எண்களால்! நிலத்துக்குக் கிராண்ட் இருப்பது போல, வட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. எந்தப் பிரிவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். பழைய முறையான எம்பிஆரில் வட்டின் முதல் 512 பைட்டுக்குள் அந்த அட்டவணை அடங்கிவிடும். கணக்கைப் பாருங்கள்:

கணினியைத் தொடங்கும் நிரல்: 446 பைட்
நான்கு பிரிவுகளின் விவரம்: 4 × 16 = 64 பைட்
முடிவுக் குறியீடு: 2 பைட்
மொத்தம்: 512 பைட்

ஒரு பிரிவின் விவரத்துக்கு 16 பைட். இருப்பதோ 64 பைட். அதனால்தான் பழைய முறையில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் வைக்க முடியவில்லை. இன்றைய கணினிகளில் உள்ள ஜிபிடி முறையில் பொதுவாக 128 பிரிவுகள் வரை வைக்கலாம்.

பிரிவும் கோப்புறையும் ஒன்றா? இல்லை. கோப்புறை என்பது அலமாரியில் உள்ள துணிப்பை போன்றது. உள்ளே போடப் போட விரிந்துகொடுக்கும். பிரிவு என்பது அலமாரியின் மரத்தட்டு. அதன் அளவை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பாடம் முழுவதும் இதைச் சுற்றித்தான் வரும்.

பழைய காலத்தில் ஏன் பிரித்தார்கள்?

லினக்ஸின் மூதாதை யூனிக்ஸ். 1969இல் தொடங்கி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் அதை உருவாக்கினர். அன்றைய வட்டின் கொள்ளளவு இன்று நீங்கள் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்குக்கூடச் சரியாகப் போதாது. ஒரு வட்டு நிரம்பியதும் வேறொரு வட்டில் கோப்புகளை வைத்தார்கள். ஆக, "இது ஓர் இடத்தில், அது வேறோர் இடத்தில்" என்ற வழக்கம் இடப் பற்றாக்குறையால் பிறந்தது. அது ஒரு தத்துவமாகத் திட்டமிடப்பட்டதல்ல.

அதன் பிறகு வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இன்றும் பொருந்துமா என்று பார்ப்போம்.

முதல் காரணம், கணினியால் தொலைவில் உள்ளதைப் படிக்க முடியவில்லை. பழைய கணினிகள் தொடங்கும்போது வட்டின் முதல் 1024 உருளைகளை மட்டுமே படிக்க முடிந்தது. அவை எவ்வளவு இடம்?

1024 × 255 × 63 × 512 = 8,422,686,720 பைட்

ஏறத்தாழ 8.4 ஜிபி. லினக்ஸின் கருநிரல் இந்த எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிட்டால் கணினி தொடங்காது. ஆகவே 'பூட்' என்ற சிறு பிரிவை வட்டின் முன்பகுதியில் வைத்தார்கள். இன்றைய கணினிகளுக்கு இந்த எல்லை இல்லை. முதல் காரணம் போய்விட்டது.

இரண்டாவது காரணம், மின்தடை. நம் பக்கம் மாலையில் இடி மின்னலுடன் மழை பெய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கு ஒருமுறை இமைக்கும், பிறகு இருட்டு. கணினி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமையில் குழப்பம் வரும். பழைய இஎக்ஸ்டி2 முறைமையில் மறுபடி கணினியைத் திறந்தால் வட்டு முழுவதையும் அது சோதிக்கும். பெரிய பிரிவு என்றால் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். சிறு பிரிவுகளாக இருந்தால், அதிகம் எழுதப்படாத பிரிவு தப்பிக்கும்.

2001இல் இஎக்ஸ்டி3, 2008இல் இஎக்ஸ்டி4 ஆகியவை லினக்ஸ் கருநிரலில் சேர்ந்தன. இவற்றில் ஒரு நாட்குறிப்பு உண்டு. ஒரு வேலையைச் செய்யுமுன் "இதைச் செய்யப் போகிறேன்" என்று கணினி அதில் எழுதிவிடும். மின்தடைக்குப் பிறகு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்தால் போதும், முழு வட்டையும் தேட வேண்டாம். இரண்டாவது காரணமும் பெரும்பாலும் வலுவிழந்துவிட்டது.

மூன்றாவது காரணம், வேகம். சுழலும் வன்தட்டில் வெளிவட்டம் பெரியது. ஒரு சுற்றில் அங்கே அதிகத் தரவு கடந்து போகும். அதனால் வேகம் வேண்டியதை வெளிப்பகுதியில் உள்ள பிரிவில் வைத்தார்கள். இன்று பலரிடம் இருப்பது எஸ்எஸ்டி. அதில் சுழலும் தட்டே இல்லை. அது மட்டுமல்ல, எந்தத் தரவை எந்தச் சில்லின் எந்த மூலையில் எழுதுவது என்பதை எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்படுத்தியே முடிவு செய்கிறது. ஓரிடமே தேய்ந்துபோகாமல் இருக்க, எழுதும் வேலையை எல்லா இடத்துக்கும் அது பகிர்ந்துவிடும். நீங்கள் போட்ட வரப்பு அட்டவணையில் இருக்கிறதே தவிர, சில்லின் மீது இல்லை! மூன்றாவது காரணமும் எஸ்எஸ்டியில் செல்லாது.

நான்காவது காரணம், ஒன்று நிரம்பி வழிந்தால் மற்றதை மூழ்கடிக்கக் கூடாது. கணினி தன் வேலைகளைப் பற்றிக் குறிப்பெழுதி 'வார்' என்ற இடத்தில் வைக்கிறது. ஒரு நிரல் பழுதாகி நிமிடத்துக்கு ஆயிரம் வரி எழுதத் தொடங்கினால், வட்டே நிரம்பிவிடும். பிறகு கணினிக்குள் நுழையக்கூட முடியாமல் போகலாம். 'வார்' தனிப் பிரிவில் இருந்தால் வெள்ளம் அந்த வரப்போடு நின்றுவிடும்.

இது இன்றும் உயிருள்ள காரணம். ஆனால் இரவு பகலாக ஓடும் சேவையகங்களுக்கே அதிகம் பொருந்தும். வீட்டுக் கணினியில் வேறு பாதுகாப்புகள் வந்துவிட்டன. இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள சிஸ்டம்டி குறிப்பேடு, தானாகவே பிரிவின் 10 விழுக்காட்டையோ 4 ஜிபியையோ தாண்டாது. இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. இஎக்ஸ்டி4 முறைமையும் தொடக்கத்திலேயே 5 விழுக்காட்டு இடத்தை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 100 ஜிபி பிரிவில் 5 ஜிபி. நீங்கள் படங்களால் வட்டை நிரப்பினாலும், கணினி மூச்சுவிட அந்த இடம் மிச்சமிருக்கும்.

ஐந்தாவது காரணம், லினக்ஸை மறுபடி நிறுவும்போது நம் கோப்புகள் அழியக் கூடாது. நம் படங்களும் பாடக்குறிப்புகளும் 'ஹோம்' என்ற இடத்தில் இருக்கின்றன. அது தனிப் பிரிவு என்றால், லினக்ஸ் இருக்கும் 'ரூட்' பிரிவை மட்டும் அழித்துப் புதிதாக நிறுவலாம். ஹோம் அப்படியே இருக்கும். அடிக்கடி புதுப்புது லினக்ஸைப் போட்டுப் பார்க்க விரும்புபவர்களுக்கு இது இன்றும் பயனுள்ளது.

லயத்து வீட்டுக் கதை

அப்படியானால் எப்போதும் பிரித்தே வைத்துவிடலாமே, என்ன கெட்டுவிடும்? இதற்கு உங்கள் தாத்தா பாட்டியிடம்தான் விடை இருக்கிறது.

தோட்டத்து லயத்தில் எல்லா வீடுகளும் ஒரே அளவு. ஒரு வீட்டில் கணவன், மனைவி மட்டும் இருப்பார்கள். பக்கத்து வீட்டில் ஒன்பது பிள்ளைகள், பாட்டி, அத்தை என்று கூடம் நிறையப் பாய் விரிந்திருக்கும். பக்கத்தில் இடம் சும்மா கிடக்கிறது என்பதற்காக நடுச்சுவரை நாலடி தள்ளி வைக்க முடியுமா? முடியாது. சுவர் கட்டியவர் யார் எத்தனை பேர் வருவார்கள் என்று அறிந்து கட்டவில்லை.

இப்போது இதை எண்ணில் பார்ப்போம். உங்கள் மடிக்கணினியில் 120 ஜிபி எஸ்எஸ்டி இருக்கிறது. இப்படிப் பிரிக்கிறீர்கள்:

தொடக்கப் பிரிவு: 0.5 ஜிபி
ரூட்: 25 ஜிபி
ஸ்வாப்: 8 ஜிபி
ஹோம்: 86.5 ஜிபி

ஓராண்டு கழிகிறது. நிரலெழுதப் பழகும் கருவிகள், படம் வரையும் செயலி, இரண்டு மூன்று விளையாட்டுகள் என்று நிறுவுகிறீர்கள். ரூட்டில் 24.6 ஜிபி நிரம்பிவிட்டது. ஹோமில் 30 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. அடுத்த மேம்பாட்டுக்கு 1.5 ஜிபி தேவை. கணினி சொல்கிறது: "இடம் இல்லை." ஆனால் வட்டில் ரூட்டின் 0.4 ஜிபியும் ஹோமின் 56.5 ஜிபியும் சேர்ந்து ஏறத்தாழ 57 ஜிபி காலியாகக் கிடக்கிறது!

ரூட்டைப் பெரிதாக்கலாமே என்பீர்கள். ரூட்டுக்கு அடுத்து ஸ்வாப், அதற்கு அடுத்து ஹோம். ஹோமின் காலி இடத்தை ரூட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் ஹோமின் தொடக்கத்தையே பின்னால் நகர்த்த வேண்டியிருக்கும். அதாவது அதிலுள்ள கோப்புகளை எல்லாம் தூக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். பல மணி நேரம் பிடிக்கலாம். அந்த நேரத்தில் மின்சாரம் போனால், ஹோம் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலும் கிடக்கும்.

இதே தொல்லையை ஒரு காலத்தில் கைப்பேசி வைத்திருந்தவர்கள் பட்டிருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டை ஒட்டி வந்த பல ஆண்ட்ராய்டு பேசிகளில் செயலிக்கு ஒரு சிறு பிரிவு, படத்துக்கு ஒரு பெரிய பிரிவு என்று இருந்தது. படப் பிரிவு பாதி காலியாக இருக்கும். ஆனால் ஒரு புதிய செயலியை ஏற்றப் போனால் "போதிய இடம் இல்லை" என்று வரும். பின்னர் வந்த பேசிகளில் இரண்டும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி மாற்றினார்கள். உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கும்.

நகரும் வரப்புகள்

பிரிவும் வேண்டும், சுவர் இறுகியும் இருக்கக் கூடாது. இதற்கு லினக்ஸ் உலகம் சில வழிகளைக் கண்டுபிடித்தது.

ஒன்று எல்விஎம். 1998இல் ஹைன்ஸ் மாவெல்ஸ்ஹாகன் என்பவர் லினக்ஸுக்காக இதை எழுதினார். இதில் வட்டின் இடத்தை எல்லாம் ஒரு பொதுக் களஞ்சியத்தில் சேர்த்து, சிறு சிறு துண்டுகளாக வைத்திருப்பார்கள். ரூட்டுக்கு இன்னும் இடம் வேண்டுமா? களஞ்சியத்தில் மிச்சமிருக்கும் துண்டுகளைச் சேர்த்துக் கொடுக்கலாம். அவை வட்டில் அடுத்தடுத்து இருக்க வேண்டிய தேவையில்லை.

இன்னொன்று பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. இதில் 'துணைத் தொகுதிகள்' உண்டு. ரூட் ஒரு துணைத் தொகுதி, ஹோம் ஒரு துணைத் தொகுதி. பார்க்கத் தனித்தனி, ஆனால் இருவருக்கும் இடம் பொது. ஒரே கிணற்றில் இரண்டு வீட்டார் நீர் இறைப்பது போல. 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33 முதல், மேசைக்கணினிப் பதிப்புகளில் இதுவே இயல்பான முறை.

ஸ்வாப்புக்கும் இனித் தனிப் பிரிவு கட்டாயமில்லை. நினைவகம் போதாதபோது கணினி பயன்படுத்தும் அந்த இடத்தை ஒரு சாதாரணக் கோப்பாகவே வைத்துக்கொள்ளலாம். 2017 ஏப்ரலில் வந்த உபுண்டு 17.04 இந்த முறைக்கு மாறியது. கோப்பு என்றால் வேண்டும்போது பெரிதாக்கலாம், வேண்டாதபோது அழித்துவிடலாம்.

வரப்பு இன்றும் கட்டாயமான இடங்கள்

அப்படியானால் பிரிவுகளின் காலம் முடிந்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். வரப்பே இல்லாமல் முடியாத இடங்களும் இருக்கின்றன.

முதலாவது, கணினி தொடங்கும் இடம். இன்றைய கணினிகள் திறந்தவுடன் எஃப்ஏடி என்ற எளிய முறைமையில் உள்ள ஒரு சிறு பிரிவைத் தேடும். அதற்கு இஎஃப்ஐ பிரிவு என்று பெயர். ஒரே பிரிவு போதும் என்று நீங்கள் தேர்ந்தெடுத்தாலும், நிறுவி இதைத் தனியாக அமைத்துவிடும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் நினைவக அட்டையிலும் அப்படித்தான்: தொடங்க ஒரு சிறு பிரிவு, லினக்ஸுக்கு ஒரு பெரிய பிரிவு.

இரண்டாவது, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் நிறுவித் தரப்பட்டது. பாஸ் என்பது டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸும் லினக்ஸும் வெவ்வேறு கோப்பு முறைமைகளைப் பயன்படுத்துபவை. ஒரே வயலில் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் செம்பனை வைப்பது போல. ஒன்றுக்கு நீர் நிற்க வேண்டும், மற்றதற்கு நீர் வடிய வேண்டும். வரப்பு இல்லாமல் முடியாது.

மூன்றாவது, உங்களில் பலர் பள்ளியில் தொட்டுப் பார்த்திருக்கும் குரோம்புக். 2013 ஏப்ரலில், மலேசியப் பள்ளிகளுக்குக் கூகுள் ஆப்ஸும் குரோம்புக்குகளும் வருவதாகக் கூகுள் அறிவித்தது. அந்தக் குரோம்புக்கின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கருநிரல்தான். அதன் வட்டில் வழக்கமாக எத்தனை பிரிவுகள் தெரியுமா? 12!

ஏன் இத்தனை? அதில் இயங்குதளம் ஏ, பி என்று இரண்டு பிரதிகளாக இருக்கிறது. நீங்கள் ஏ பிரதியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது, புதிய மேம்பாடு பி பிரதியில் சத்தமில்லாமல் எழுதப்படும். மறுமுறை திறக்கும்போது பி வேலைக்கு வரும். பி சரியாகத் தொடங்கவில்லை என்றால் கணினி பழைய ஏ பிரதிக்கே திரும்பிவிடும். உங்கள் கோப்புகள் மூன்றாவதாக ஒரு தனிப் பிரிவில், பூட்டப்பட்டு இருக்கும்.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உவமை இருக்கிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் நம் கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. வயதான செம்பனைகளை வெட்டி மறுநடவு செய்யும்போது தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்ப்பார்களா? ஒரு பகுதியில் கன்று நடும்போது மற்றப் பகுதியில் குலை வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் வருமானம் நிற்பதில்லை. குரோம்புக்கின் ஏ, பி பிரிவுகள் செய்வதும் அதுவே. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பல கைப்பேசிகளிலும் இந்த முறை உண்டு. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, இத்தகைய இயங்குதளப் பிரிவுகளின் அளவைப் பின்னர் மாற்றிக்கொள்ளும் வசதியையும் சேர்த்தது. வரப்பு உண்டு, ஆனால் நகரும்.

கவனித்தீர்களா? பழைய வரப்புகள் இடப் பற்றாக்குறையால் வந்தவை. புதிய வரப்புகள், பிழை நேர்ந்தால் திரும்பி வருவதற்கு வழி வைப்பதற்காக வந்தவை. காரணம் மாறிவிட்டது. ஆகவே "பிரிக்கலாமா" என்று கேட்பதைவிட "எதற்காகப் பிரிக்கிறேன்" என்று கேட்பதே அறிவியல்.

நான் சொன்ன தவறான அறிவுரை

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்திலிருந்து வரும் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், என் லேப்டாப் அடிக்கடி நின்றுபோகிறது. இடுபணியை எல்லாம் எங்கே வைப்பது?" நான் சற்றும் யோசிக்காமல் சொன்னேன்: "சி டிரைவில் வைக்காதே. டி டிரைவில் வை. விண்டோஸ் கெட்டுப்போனாலும் டி பாதுகாப்பாக இருக்கும்."

அவளும் அப்படியே செய்தாள். மூன்று வாரத்து உழைப்பு, நேர்காணல் ஒலிப்பதிவுகள், பாட்டியின் பழைய படங்கள், எல்லாம் டி டிரைவில். ஒரு நாள் மடிக்கணினி 'டிக் டிக்' என்று சத்தமிட்டு நின்றது. கெட்டுப்போனது விண்டோஸ் அல்ல, வன்தட்டே! சியும் டியும் அந்த ஒரே தட்டில்தான் இருந்தன. இரண்டும் ஒன்றாகப் போயின. இடுபணியை அவள் மறுபடி செய்து முடித்தாள். ஒலிப்பதிவில் இருந்த பாட்டியின் குரலை மறுபடி செய்ய முடியவில்லை. பாட்டி அதற்குள் காலமாகிவிட்டார்.

நான் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. இயங்குதளத்தை மட்டும் அழித்து நிறுவும்போது தனிப் பிரிவு உதவும். ஆனால் வட்டு பழுதானால், மடிக்கணினி திருட்டுப் போனால், மின்னல் தாக்கினால், பிரிவு எந்த உதவியும் செய்யாது. கடலோரத்துக் கரை உடைந்து உப்பு நீர் புகுந்தால், வயலுக்குள் எத்தனை வரப்பு போட்டிருந்தாலும் பயன் என்ன?

அதனால் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பிரிவு வேறு, காப்புப் பிரதி வேறு. முக்கியமான கோப்புக்கு 3-2-1 விதியைப் பின்பற்றுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மடிக்கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பகத்தில் ஒன்று என்றால் போதும். செலவு அதிகமில்லை.

அப்படியானால் நான் எதைத் தேர்ந்தெடுக்க?

ஒரே லினக்ஸ், சிறிய வட்டு, பாடத்துக்கும் படத்துக்கும் பயன்பாடு என்றால், ஒரே பிரிவு போதும். இஎஃப்ஐ பிரிவை நிறுவியே பார்த்துக்கொள்ளும்.

பெரிய வட்டு, அடிக்கடி வெவ்வேறு லினக்ஸைப் போட்டுப் பழகும் ஆர்வம் இருந்தால், ஹோமைத் தனியாக வையுங்கள். ரூட்டுக்குத் தாராளமாக இடம் விடுங்கள். அல்லது பிடிஆர்எஃப்எஸ் துணைத் தொகுதிகளை முயன்று பாருங்கள்.

விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும் என்றால், பிரித்தே ஆக வேண்டும். பிரிக்கும் முன் எல்லாக் கோப்புகளையும் வெளியே பிரதி எடுத்துவிடுங்கள். அட்டவணையில் ஓர் எண் தவறினாலும் இழப்பு பெரிது.

பள்ளி மன்றத்துக்காகச் சேவையகம் ஒன்று ஓட்டுகிறீர்கள் என்றால், குறிப்புகள் சேரும் வார் பகுதியைத் தனியாக வைப்பது இன்றும் நல்ல வழக்கம்.

செய்து பாருங்கள்

2 ஜிபி அளவுள்ள காணொளி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை ஒரே பிரிவில் உள்ள ஒரு கோப்புறையிலிருந்து மற்றொரு கோப்புறைக்கு நகர்த்துங்கள். எத்தனை நொடி ஆகிறது? பிறகு அதையே பென்டிரைவுக்கு நகர்த்துங்கள். இப்போது எத்தனை நொடி? இரண்டையும் குறித்துக்கொண்டு, காரணத்தை ஊகியுங்கள்.

சிந்தித்து விடை தேடுங்கள்

1. எம்பிஆர் அட்டவணை ஒரு பிரிவின் தொடக்கத்தையும் நீளத்தையும் 32 பிட் எண்களால் குறிக்கிறது. ஒரு கட்டம் 512 பைட் என்றால், அது எவ்வளவு பெரிய வட்டு வரை கையாளும்?
2. 200 ஜிபி இஎக்ஸ்டி4 பிரிவில் நிர்வாகிக்கென ஒதுக்கப்படும் இயல்பான இடம் எவ்வளவு?
3. மேலே உள்ள சோதனையில் முதல் நகர்த்தல் ஏன் உடனே முடிந்தது?

விடைகள்

1. 4,294,967,296 × 512 = 2,199,023,255,552 பைட், அதாவது ஏறத்தாழ 2.2 டிபி. இதைவிடப் பெரிய வட்டுகள் வந்ததும் ஜிபிடி தேவைப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.
2. 200 ஜிபியில் 5 விழுக்காடு, 10 ஜிபி.
3. ஒரே பிரிவுக்குள் தரவு இடம் மாறவில்லை. "இந்தக் கோப்பு இந்தக் கோப்புறையில் இருக்கிறது" என்ற பதிவு மட்டுமே மாறியது. வேறு சாதனத்துக்கு அல்லது வேறு பிரிவுக்குப் போகும்போது 2 ஜிபியையும் புதிதாக எழுதி, பழையதை அழிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இன்றே உங்கள் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ உள்ள கோப்புகளில், தொலைந்தால் திரும்பச் செய்யவே முடியாத ஒன்று எது என்று யோசியுங்கள். அது தாத்தாவின் படமாக இருக்கலாம், பாட்டியின் குரலாக இருக்கலாம். வட்டை எப்படிப் பிரிப்பது என்று பிறகு முடிவு செய்யலாம். முதலில் அந்த ஒரு கோப்புக்கு இன்னொரு சாதனத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.